நாள்பட்ட மைக்ரேனுக்கு (ஒற்றைத் தலைவலிக்கு) புது ஊசி: போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி, 2025 மார்ச் 2

மாதத்தில் பதினெட்டு, இருபது நாள் தலைவலி. ஆறு வருடமாக இப்படித்தான். மூன்று வகை மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள், எதுவும் கேட்கவில்லை. வலியைக் கூட்டும் சிஜிஆர்பி என்ற பொருளைத் தடுக்கும் ஊசி, மாதம் ஒன்று, புதிதாக வந்திருக்கிறது, போட்டுப் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். அம்மா "புது மருந்தெல்லாம் உனக்கு எதற்கு" என்று பயப்படுகிறார். போட்டுக்கொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள். எத்தனை நாளில் தெரியும்? நிஜமாகவே நிற்குமா?

பதில், மார்ச் 2, இரவு 10.15

நான் போட்டுக்கொள்கிறேன். இரண்டு வருடம் ஆகப்போகிறது. நிற்காது, குறையும். எனக்கு நன்றாகவே குறைந்தது. முதல் மாதம் ஒன்றுமே தெரியவில்லை. மூன்று மாதம் முடியும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள். வலி நிவாரணி மாத்திரை மாதத்தில் எத்தனை நாள் போடுகிறீர்கள் என்று எழுதவில்லையே? அதைச் சொல்லுங்கள். மற்றதை நாளை எழுதுகிறேன், திரை வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது.

மார்ச் 3, மதியம்

முதலில் எண்ணிக்கை. "பதினெட்டு, இருபது" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தீர்களா, இல்லை மனதில் தோன்றியதா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. நான் வருடக்கணக்காக மருத்துவரிடம் "வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை வரும்" என்றே சொல்லிவந்தேன். பொய்யில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த நாள்களை மட்டும் தலைவலி நாள் என்று நினைத்திருந்தேன். பிடரியில் மந்தமாக ஆரம்பித்து, வேலையைச் செய்துகொண்டே சாயங்காலம்வரை இழுத்துக்கொண்டு போகும் நாள்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதெல்லாம் எனக்கு "நல்ல நாள்".

ஒரு மருத்துவர், என்னைவிட இளையவர், "தலை சுத்தமாக, ஒரு துளி வலிகூட இல்லாமல் இருந்த நாள் போன மாதம் எத்தனை?" என்று திருப்பிக் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் குறித்துப் பார்த்ததில் ஏழு. அப்படியென்றால் வலி நாள் 23.

நாள்பட்ட மைக்ரேன் என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. மாதத்துக்கு 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது மைக்ரேன் குணத்தோடு, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து. மைக்ரேன் குணம் என்றால் விண்விண்ணென்று தெறிப்பது, ஒரு பக்கமாக வருவது, அசைந்தால் கூடுவது, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் ஆகாமல் போவது, இப்படி. எந்த மருந்து தருவது என்பது பல சமயம் இந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகிறது. நான் "வாரத்துக்கு ரெண்டு மூணு" என்று சொன்ன வரைக்கும் எனக்கு அதற்குத் தகுந்த மருந்துதான் எழுதிக்கொடுத்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை.

மார்ச் 3, இரவு

எப்படிக் குறிப்பது என்று கேட்டீர்கள். பெரிய அட்டவணை வேண்டாம், மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். சுவர் நாட்காட்டியில் ஒரு புள்ளி என்றால் லேசான வலி, இரண்டு புள்ளி என்றால் வேலை தடைப்பட்டது, மூன்று என்றால் படுத்துவிட்டேன். மாத்திரை போட்ட நாளைச் சுற்றி ஒரு வட்டம். அவ்வளவுதான். என் மகன் அதற்கு "அம்மாவின் வானிலை அறிக்கை" என்று பெயர் வைத்திருக்கிறான். காலையில் பார்த்துவிட்டு "இன்னிக்கு மூணு புள்ளியா?" என்று கேட்டுக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போவான்.

மார்ச் 5

வலி மாத்திரை தினமும் ஒன்று, சில நாள் இரண்டு, அதுவும் கூட்டு மாத்திரை (ஒன்றுக்கு மேல் மருந்து கலந்தது) என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குப் பழைய நாள்கள் ஞாபகம் வந்துவிட்டன.

பலருக்கு யாருமே சொல்வதில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். வலியைக் கொல்லும் மாத்திரையே அதிகமானால் வலியை வளர்க்கும். பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற சாதாரண மாத்திரை மாதத்தில் 15 நாளைத் தொட்டால் ஆபத்து. டிரிப்டான் (மைக்ரேன் வலிக்கென்றே உள்ள மாத்திரை), எர்காட் (பழைய மைக்ரேன் மருந்து), ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து), கூட்டு மாத்திரை என்றால் 10 நாளே ஆபத்து. இப்படி மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், மாத்திரை இறங்கும்போது வலி எழும், அதற்கு மறுபடி மாத்திரை, மறுபடி வலி. இதில் எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதே முக்கியம். ஒரே நாளில் இரண்டு போட்டாலும் ஒரு நாள்தான். தினமும் அரை மாத்திரை போட்டால் முப்பது நாள்.

நான் அந்தச் சுழலில் இரண்டு வருடம் இருந்தேன். கைப்பையில் ஒரு அட்டை, அலுவலக மேசையில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று. வலி வரும் முன்பே, வந்துவிடுமோ என்ற பயத்தில் போடுவேன். அதிகாலை நாலு மணிக்கு வலி எழுப்பும். அதுதான் மைக்ரேன் என்று நினைத்திருந்தேன். இரவு போட்ட மாத்திரை இறங்கும் நேரம் அது என்பது பிறகுதான் புரிந்தது.

நிறுத்திய முதல் பத்து நாள் மிகக் கொடுமை. வாந்தி, நடுக்கம், தூக்கமே இல்லை. பன்னிரண்டாம் நாள் காலை எழுந்து உட்கார்ந்து, தலைக்குள் என்னமோ குறைகிறதே என்று யோசித்தேன். வலி இல்லை. அதை அடையாளம் காணவே சில நிமிடம் ஆயிற்று.

அதனால் என் யோசனை: முதலில் மாத்திரையை நிறுத்துங்கள், அப்புறம் ஊசி.

மார்ச் 6, காலை

திருத்தம். நேற்றைய கடைசி வரி தவறு, அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவெல்லாம் மனதை அரித்தது. எனக்கு அந்த வரிசையில் நடந்ததால் எல்லோருக்கும் அதுதான் வழி என்று எழுதிவிட்டேன். தடுப்பு மருந்தை (வலி வருவதையே குறைக்க எடுப்பது, இந்த ஊசியும் அந்த வகைதான்) தொடங்கிக்கொண்டே வலி மாத்திரையைக் குறைப்பதும் சரியான வழிதான். அமெரிக்காவில் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து இதை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தடுப்பு மருந்தோடு, அதிகமாகப் போட்ட மாத்திரையையும் மாற்றியவர்கள் ஒரு பிரிவு. தடுப்பு மருந்து மட்டும் தொடங்கி, பழைய மாத்திரையைத் தொடர்ந்தவர்கள் இன்னொரு பிரிவு. இரண்டாம் பிரிவினர் முதல் பிரிவினரைவிடப் பின்தங்கிவிடவில்லை. அதனால் உங்கள் மருத்துவர் இன்றே ஊசியைத் தொடங்கச் சொன்னால் அதில் தவறே இல்லை.

இன்னொன்று. ஓபியாய்டு கலந்தது, பார்பிட்யூரேட் (ஒருவகைத் தூக்க மருந்து) கலந்தது என்றால் திடீரென்று நிறுத்தவே கூடாது. வலிப்புகூட வரலாம். உங்கள் கூட்டு மாத்திரையில் என்னென்ன இருக்கிறது என்று அட்டையின் பின்பக்கம் படித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

மார்ச் 9

பழைய மருந்துகள், அதாவது ஊசிக்கு முன் கொடுத்த தடுப்பு மாத்திரைகள் பற்றி. எனக்கு வந்த வரிசை: புரோப்பிரனலால், அமிட்ரிப்டிலின், டோபிரமேட். உங்களுக்கும் கிட்டத்தட்ட இதேதான், வரிசை மட்டும் வேறு.

புரோப்பிரனலால் நாலு வாரம். மாடிப்படி ஏறினால் கால் கனத்தது, கேட்கவில்லை என்று விட்டுவிட்டேன். அமிட்ரிப்டிலின் இரவில் நல்ல தூக்கம் தந்தது, காலை பத்து மணிவரை அந்தத் தூக்கத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், வாய் வறண்டது, எடை ஏறியது. அதையும் விட்டேன்.

டோபிரமேட் கதை வேறு. அது கேட்டது. மூன்றாம் வாரத்திலேயே புள்ளிகள் குறைய ஆரம்பித்தன. விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, அது பரவாயில்லை. ஆனால் சொற்கள் போயின. நான் மெய்ப்புத் திருத்துபவள். சொல்தான் என் தொழில். ஒருநாள் மகன் பள்ளிக்குக் கிளம்பும்போது மழை. "அதை எடுத்துக்கோ, மழைக்குப் பிடிப்போமே, அதை" என்றேன். குடை என்ற சொல் வரவில்லை. அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். அவன் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அடுத்த வாரம் ஒரு புத்தகத்தில் ஒரே பக்கத்தில் ஐந்து பிழை விட்டேன். மருந்தை நிறுத்தியதும் சில வாரத்தில் சொற்கள் திரும்பின.

மார்ச் 9, பின்னிரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். என் பட்டியலில் "கேட்கவில்லை" என்று இருப்பதில் எத்தனை நிஜமாகவே கேட்காதவை? தடுப்பு மாத்திரையைச் சரியான அளவுக்கு ஏற்றிய பிறகு எட்டு வாரமாவது கொடுத்தால்தான் கேட்டதா இல்லையா என்று சொல்ல முடியும். புரோப்பிரனலாலுக்கு நான் கொடுத்தது நாலு வாரம், அதுவும் குறைந்த அளவில். டோபிரமேட்டை வாரத்துக்கு 25 மில்லிகிராமாக மெதுவாக ஏற்றுவதுதான் வழக்கம். எனக்கு 50, 50 ஆக ஏற்றினார்கள். மெதுவாகப் போயிருந்தால் குடை போயிருக்காதோ என்னவோ. அது மட்டுமில்லை, அந்த மூன்றையும் முயன்ற காலத்தில் நான் வலி மாத்திரைச் சுழலிலும் இருந்தேன்.

அந்த மருந்துகளுக்குத் திரும்பிப் போங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் எத்தனை வாரம், எந்த அளவில் எடுத்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "கேட்கவில்லை" என்பது வேறு, "தாங்க முடியவில்லை" என்பது வேறு.

மார்ச் 14

அம்மாவின் பயத்துக்கு வருகிறேன். "புது மருந்து" என்றால் நேற்று யாரோ கண்டுபிடித்து இன்று உங்கள்மேல் சோதிக்கிறார்கள் என்று அவர் நினைக்கிறார். என் அக்காவும் அப்படித்தான் சொன்னாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மேலே சொன்ன மூன்றும் மைக்ரேனுக்காகச் செய்யப்பட்டவை இல்லை. ஒன்று இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வந்தது, ஒன்று மனச்சோர்வுக்கு, ஒன்று வலிப்புக்கு. போகிற போக்கில் மைக்ரேனையும் குறைப்பது தெரிந்து இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். புது ஊசி அப்படியில்லை, நேராக மைக்ரேனுக்காகவே செய்தது.

சிஜிஆர்பி என்று ஒரு சிறு புரதத் துண்டு. 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சி கொண்டுபோகும் முக்கிளை நரம்பின் முனைகளில் அது சுரந்து, இரத்தக் குழாயை விரிக்கிறது, வலிச் செய்தியைப் பெருக்குகிறது. 1990இல் ஆய்வாளர்கள் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும், மைக்ரேன் தாக்கியிருக்கும்போதே நோயாளிகளின் கழுத்துச் சிரையிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிஜிஆர்பி ஏறியிருந்தது. 2004இல் அதன் வேலையைத் தடுக்கும் ஒரு மருந்தைச் சிரைவழி கொடுத்துப் பார்த்ததில் வலி அடங்கியது. அடுத்து வந்த ஒரு மாத்திரையைக் கல்லீரல் நொதிகள் ஏறியதால் கைவிட்டார்கள். அப்புறம்தான் ஆன்டிபாடி ஊசிகள், குறிவைத்த பொருளை மட்டும் போய்ப் பிடிக்கும் புரதங்கள். 2018 மே மாதம் எரெனுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, அதே வருடம் ஃபிரெமனெசுமாப், கல்கனெசுமாப், 2020இல் சிரைவழி ஏற்றும் எப்டினெசுமாப். கோட்ஸ்பி, எட்வின்சன், மைக்கேல் மாஸ்கோவிட்ஸ், யெஸ் ஓலேசன் நால்வருக்கும் இதற்காக 2021இல் மூளை ஆய்வுக்கான பிரெய்ன் பரிசு கிடைத்தது.

கழுத்துச் சிரை ஊசியில் தொடங்கி நம் கைக்கு வர 28 வருடம். அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மற்ற மருந்துகள் கேட்காவிட்டால்தான் இது என்ற நிலையும் மாறிவருகிறது. அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2024இல், சிஜிஆர்பி மருந்துகளையே முதல் வரிசையில் தொடங்கலாம் என்று அறிவித்தது.

மார்ச் 15

கல்லீரலைக் கெடுக்குமா என்று கேட்டதற்கு: கைவிட்டது வேறு மருந்து, அது மாத்திரை. ஊசியில் இருப்பது பெரிய புரதம். உடல் மற்றப் புரதங்களைச் சிதைப்பதுபோலவே அதையும் சிதைத்துவிடும். அதனால் மற்ற மாத்திரைகளோடு மோதுவதும் குறைவு.

மார்ச் 21

போட்டாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) பற்றிக் கேட்டீர்கள். போட்டேன், ஒரே ஒரு சுற்று. அந்தச் சுற்றைப் பற்றி எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

நெற்றி, நெற்றிப்பொட்டு, பின்மண்டை, பிடரி, தோள் என்று ஏழு தசைப் பகுதிகளில் 31 இடம், மொத்தம் 155 யூனிட், 12 வாரத்துக்கு ஒரு முறை. நாள்பட்ட மைக்ரேனுக்கு 2010இல் அனுமதி வந்தது. ஊசி மிக மெல்லியது, எறும்புக்கடிதான், ஆனால் நெற்றியில் குத்தும்போது கண்ணில் தானாக நீர் வரும். நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன், 19இல் எண்ணிக்கை தவறிவிட்டது. பத்தாம் நாள் இடது இமை கொஞ்சம் தொங்கியது. கழுத்து பலமில்லாமல், தலையைத் தாங்க யோசிப்பதுபோல் இருந்தது. இரண்டும் ஆறு வாரத்தில் சரியாயின. தலைவலி 23இலிருந்து 21. போதும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு, மூன்று சுற்று போட்ட பிறகே கேட்கிறதா என்று தீர்மானிக்க வேண்டும், முதல் சுற்றில் அசையாதவர்களில் சிலருக்கு இரண்டாவதில் அசையும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் கணக்கில் இதையும் "கேட்கவில்லை" என்று எழுதக் கூடாது. "முழுதாகப் பார்க்கவில்லை" என்று எழுத வேண்டும்.

மார்ச் 30

சரி, ஊசிக்கு வருகிறேன். நான் தொடங்கியது எரெனுமாப், 140 மில்லிகிராம், மாதம் ஒன்று. பேனா மாதிரி இருக்கும், தொடையில் வைத்து அழுத்தினால் போதும். தொடங்கும் முன் மாதம் 23 நாள் வலி. முதல் மாதம் 22, இரண்டாம் மாதம் 17, மூன்றாம் மாதம் 12. ஆறாம் மாதம் 9. அதற்குக் கீழே போனதே இல்லை.

எண்களைவிடப் பெரிய மாற்றம், மூன்று புள்ளிகள் ஒரு புள்ளியாக ஆனது. வலி வருகிறது, ஆனால் கூரையைப் பிடுங்குவதில்லை. டிரிப்டான் முன்பெல்லாம் பாதி நேரம் கேட்காது, இப்போது போட்டால் ஒரு மணி நேரத்தில் அடங்குகிறது. சீப்பு பட்டால் தலைத்தோல் எரியும், தலையணையில் ஒரு பக்கம் சாய முடியாது, அதெல்லாம் நாலாம் மாதம்தான் போயிற்று. உங்களுக்கும் முடியைக் கட்டினாலே வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது மைக்ரேனின் பகுதிதான், தலைமுடிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பக்க விளைவு: மலச்சிக்கல். லேசாக இல்லை, நிஜமான தொந்தரவு. எரெனுமாப்புக்கு இது தெரிந்த விஷயம், இரத்த அழுத்தம் ஏறலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. எட்டு மாதம் சமாளித்துவிட்டு ஃபிரெமனெசுமாப்புக்கு மாறினேன். எரெனுமாப் போய்ப் பிடிப்பது சிஜிஆர்பி உட்காரும் ஏற்பியை. மற்ற மூன்றும் சிஜிஆர்பியையே பிடிக்கின்றன. ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்றை முயல்வதில் அர்த்தம் இருக்கிறது. எனக்கு வயிறு சரியாயிற்று, எண்ணிக்கையும் கூடவில்லை.

மார்ச் 31

திருத்தம். மூன்றாம் மாதம் 12 இல்லை, 13. பழைய நாட்காட்டியை எடுத்துப் பார்த்தேன். ஒரு புள்ளியை அழித்த தடம் இருக்கிறது. லேசாகத்தானே வலித்தது, வேண்டாம் என்று அழித்திருக்கிறேன். நன்றாக வேலை செய்ய வேண்டும் என்று நாமே ஆசைப்பட்டால் கை இப்படிச் செய்யும்.

இதிலிருந்து ஒரு விஷயம். நாள்பட்ட மைக்ரேனில் எரெனுமாப் ஆய்வில், மருந்து பெற்றவர்களுக்கு மாதத்துக்குச் சராசரி 6.6 மைக்ரேன் நாள் குறைந்தது. வெறும் ஊசி, மருந்தே இல்லாதது, அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கும் 4.2 நாள் குறைந்தது. முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அப்படியென்றால் என் நிம்மதியில் பாதி மனப்பிரமையா? இப்போது அப்படி நினைக்கவில்லை. மோசமான மாதத்தில்தான் மருத்துவரிடம் ஓடுகிறோம், அடுத்த மாதம் தானாகவே கொஞ்சம் இறங்கும். யாரோ கவனிக்கிறார்கள் என்பதே நரம்பைத் தணிக்கும். எதிர்பார்ப்புக்கும் ஒரு பங்கு உண்டு. இதற்கெல்லாம் மேலே மருந்து தரும் பங்கு அந்த வித்தியாசம். சராசரி என்பதால், அதற்குள் பாதிக்குப் பாதி குறைந்தவர்களும் இருக்கிறார்கள், அசையவே அசையாதவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஏப்ரல் 6

நாளை முதல் ஊசியா! நல்லது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள், இல்லாவிட்டால் எரியும். குலுக்காதீர்கள், வெந்நீரில் போடாதீர்கள். வயிறென்றால் தொப்புளுக்குப் பக்கத்தில் வேண்டாம். அழுத்திய பிறகு முழுதாக இறங்கிவிட்டது என்று தெரியும்வரை எடுக்காதீர்கள். முதல் தடவை பயத்தில் நான் பாதியிலேயே தூக்கிவிட்டேன், மருந்து தொடையில் வழிந்தது.

ஊசி போடுவதால் வேறெதையும் அதே வாரத்தில் மாற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். புதுத் தலையணை, புது உடற்பயிற்சி, மக்னீசியம், எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால் எது கேட்டது என்று ஒருநாளும் தெரியாது.

ஏப்ரல் 12

"ஒற்றைத் தலைவலி என்றுதானே சொல்கிறோம், எனக்கு இரண்டு பக்கமும் வருகிறதே, அப்போது இது மைக்ரேன்தானா" என்று நேற்று கேட்டீர்கள். இந்தப் பெயரால் நானும் குழம்பியிருக்கிறேன். மைக்ரேன் என்ற சொல்லே கிரேக்கத்தில் பாதி மண்டை என்பதிலிருந்து வந்தது, தமிழிலும் அதே எண்ணம். ஆனால் இரண்டு பக்கமும் வருவது சாதாரணம், நாள்பட்டுப் போனவர்களுக்கு இன்னும் சாதாரணம். ஒரு பக்கம் என்பது அடையாளங்களில் ஒன்று, கட்டாயம் இல்லை. எனக்குச் சின்ன வயதில் வலது பொட்டில் மட்டும்தான் வரும், முப்பதுக்கு மேல் அது மண்டை முழுதும் பரவிவிட்டது. பெயரை வைத்துச் சந்தேகப்பட்டு இரண்டு வருடம் சைனஸுக்கு மருந்து சாப்பிட்டேன்.

ஏப்ரல் 13

சொல்ல மறந்தது. கொட்டாவி! தலைவலி வரும் முதல் நாள் சாயங்காலம் எனக்குக் கொட்டாவி நிற்காது, கழுத்து இறுகும், இனிப்பு தேடும். இனிப்பு சாப்பிட்டதால்தான் மறுநாள் வலி என்று பல வருடம் என்னையே குற்றம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் தாக்குதல் அப்போதே ஆரம்பித்துவிட்டது, இனிப்புத் தேடல் அதன் முதல் அறிகுறி. கழுத்து இறுகுவதும் அப்படித்தான், பலருக்கு அது காரணம் இல்லை, அறிகுறி. உங்கள் "தவிர்க்க வேண்டியவை" பட்டியலை மறுபடி பாருங்கள். அதில் பாதி குற்றமற்றதாக இருக்கலாம்.

ஏப்ரல் 20

என் அக்கா தலைவலிக்குப் பயன்படுத்தும் மின்துடிப்புக் கருவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளுக்கும் மைக்ரேன், என் அளவுக்கு இல்லை. மேல்கையில் கட்டிக்கொண்டு 45 நிமிடம், கைப்பேசியால் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். கையில் வலிக்காத அளவுக்கு மின்துடிப்பு கொடுத்தால், மூளைத்தண்டு தன் சொந்த வலியடக்கும் வழியைத் திறந்துவிடுகிறது, தலைவலியும் அதில் அடங்குகிறது. மாத்திரை நாள் கூடாமல் வலியைச் சமாளிக்க அது ஒரு வழி. நெற்றியில் ஒட்டுவதும் உண்டு. நான் அதைப் போட்டுப் பார்த்தேன், தலைத்தோல் எரியும் காலம் அது, ஐந்து நிமிடம் தாங்கவில்லை. கைக்கருவி அக்காவுக்குப் பத்தில் ஆறு தடவை உதவுகிறது என்கிறாள்.

ஊசியே வேண்டாம் என்பவர்களுக்கு மாத்திரையும் வந்திருக்கிறது: அடோஜெபன்ட், தினம் ஒன்று, நாள்பட்ட மைக்ரேனுக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி. அதுவும் சிஜிஆர்பியைத் தடுப்பதுதான். நான் எடுத்ததில்லை, அதனால் இதற்கு மேல் சொல்லவில்லை.

ஏப்ரல் 27

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட்டும் (மைக்ரேனுக்குத் தரும் இன்னொரு வலிப்பு மருந்து) டோபிரமேட்டும் கருவைப் பாதிக்கும். சிஜிஆர்பி ஊசி உடலை விட்டு முழுதாகப் போகப் பல மாதம் ஆகும், கரு தரிப்பதற்கு ஐந்தாறு மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இதய நோய், பக்கவாதம் வந்தவர்களுக்கு டிரிப்டான் ஆகாது, இரத்தக் குழாயைச் சுருக்கும்.

அப்புறம், நமக்குத் தலைவலி பழகிப்போனதால் ஒரு ஆபத்து உண்டு. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் இடி மாதிரி வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போய்ப் பேச்சு குழறுவது, ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாக வரும் புதுவகை வலி. இதெல்லாம் "வழக்கமானதுதான்" என்று படுத்துவிடக் கூடாது. நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மே 8

ஊசி போட்ட முதல் மாதம் உங்கள் வலி நாள் 19இலிருந்து 18. "ஒரு நாள்தான், விட்டுவிடலாம் போலிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். என் முதல் மாதமும் ஒரு நாள்தான், 23இலிருந்து 22. அன்று மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து இதுவும் போயிற்று என்று நினைத்தேன். வலி மாத்திரை நாள் என்ன ஆயிற்று? அதையும் எழுதுங்கள்.

மே 9

வலி மாத்திரை நாள் முப்பதிலிருந்து 14ஆ! இதை ஏன் கடைசி வரியில் எழுதுகிறீர்கள், இதுதானே செய்தி. முதல் மாதத்தில் பாதிக்கு மேல் மாத்திரையைக் குறைத்தும் வலி கூடவில்லை என்றால் ஏதோ வேலை செய்கிறது. கூட்டு மாத்திரைக்கு எல்லை 10 நாள் என்பதை மறக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும்.

ஜூன் 1

எனக்கு இந்த மாதம் மோசம். 14 நாள். ஊசி போட ஒன்பது நாள் தாமதமாகிவிட்டது, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் அலைச்சல், தூக்கம் கெட்டது. எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. போன வருடம் மருத்துவர் சொல்லி மூன்று மாதம் ஊசியை நிறுத்திப் பார்த்தோம். முதல் மாதம் ஒன்றுமில்லை, மூன்றாம் மாதம் 16க்கு ஏறியது. மறுபடி தொடங்கியதும் இறங்கியது. அதனால் ஊசி கேட்கிறதா என்ற சந்தேகம் எனக்கு இல்லை. ஆனால் ஊசி இருந்தாலும் இப்படி ஒரு மாதம் வரும். இந்த 14ஐயும் இங்கே எழுதி வைக்கிறேன், நல்ல மாதங்களை மட்டும் எழுதினால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள்.

ஜூலை 3

உங்கள் மூன்று மாதக் கணக்கு பார்த்தேன். ஊசிக்கு முன் 19, பிறகு 18, 15, 11. மாத்திரை 8 நாள். நேற்று முடியை இறுக்கிப் பின்னிக்கொண்டு வேலைக்குப் போனேன் என்று எழுதியதை மகனுக்கும் படித்துக் காட்டினேன்.

ஒரே ஒரு சந்தேகம். நாட்காட்டி மாதப்படி எண்ணுகிறீர்களா, ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணுகிறீர்களா? ஆய்வுகளில் 28 நாளை ஒரு மாதமாக வைப்பார்கள். மே மாதத்துக்கு 31 நாள், அந்த மூன்று நாளிலும் உங்களுக்கு வலி இருந்தது என்று அப்போது எழுதியிருந்தீர்கள். ஏப்ரல் 7இலிருந்து 28, 28 நாளாக வெட்டி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 15 என்பது இன்னும் குறைவாகக்கூட இருக்கலாம்.